நாய்க்குக் கண்புரை: முதல் சந்தேகத்திலிருந்து அறுவை சிகிச்சைக்குப் பின் வரை முழுமையான வழிகாட்டி

வீட்டில் பாட்டிக்கோ தாத்தாவுக்கோ கண்புரை என்றால் இன்று யாரும் பதறுவதில்லை. 1976-இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கிய பிறகு, முகாம் போட்டு ஊர் ஊராகப் புரை எடுத்த நாடு இது. காலையில் போய் மாலையில் கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்தவர்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. "நல்லா முத்தட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்" என்ற பேச்சும் பழைய அறுவை முறைக் காலத்திலிருந்து நம்மிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்தக் கணக்கையே நாய்க்கும் போட்டுக் காத்திருக்கிறோம். பல நாய்களுக்குக் கண் போவது அங்கேதான். கண்ணுக்குள் இருக்கும் வில்லை (லென்ஸ்) வெளுத்து மங்குவதுதான் புரை. நாயின் கண்ணில் அது முற்ற முற்ற, வில்லையின் புரதம் கசிந்து கண்ணுக்குள் அழற்சியைக் கிளப்புகிறது. அந்த அழற்சி கண் அழுத்த நோயிலும் (கிளாக்கோமா), கண்ணின் பின்புறம் ஒளியை உணரும் விழித்திரை பிரிவதிலும் கொண்டுபோய் விடும். புரையை எடுத்துவிடலாம், இந்த இரண்டும் வந்துவிட்டால் பார்வையைத் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாலும் நடக்காது. ஆகவே அறுவை செய்வதா வேண்டாமா என்பதைவிட, அதை எப்போது முடிவு செய்கிறீர்கள் என்பதே பெரிய விஷயம். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு எண்ணத்தோடுதான் எழுதுகிறேன்.

படி 1: அது புரைதானா என்று பாருங்கள்

ஏழெட்டு வயதைத் தாண்டிய நாய்களின் கண்மணி லேசான நீலச்சாம்பல் நிறத்தில் தெரியும். வாழ்நாள் முழுக்க வில்லைக்குள் புது இழைகள் வளர்ந்து, பழைய இழைகள் நடுவில் இறுகிப்போவதால் வரும் மாற்றம் இது. இரண்டு கண்ணிலும் ஒரே அளவில் இருக்கும், பார்வையைப் பெரிதாகக் கெடுக்காது, சிகிச்சையும் தேவையில்லை. "கண்ணில் பூ விழுந்துடுச்சு" என்று பதறி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும் வயதான நாய்களில் பலவற்றுக்கு இதுதான் இருக்கும்.

வீட்டிலேயே ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். அறையை இருட்டாக்கி, போன் டார்ச்சை உங்கள் கண் உயரத்தில் பிடித்து, ஒரு கை தூரத்திலிருந்து நாயின் கண்ணைப் பாருங்கள். இரவில் ரோட்டு நாயின் கண் வண்டி வெளிச்சத்தில் மின்னுமே, அதே பச்சை மஞ்சள் பளபளப்பு தெரிய வேண்டும். மங்கல் இருந்தும் அந்தப் பளபளப்பு முழு வட்டமாகத் திரும்பி வந்தால் பெரும்பாலும் வயதின் மாற்றம். பளபளப்புக்கு நடுவே கறுப்பாக ஒரு திட்டோ கீற்றோ மறைத்தால் புரை தொடங்கியிருக்கிறது. பளபளப்பே இல்லாமல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாக நின்றால் புரை முற்றிவிட்டது.

அடுத்து, தலையைத் திருப்பிப் பக்கவாட்டில் பாருங்கள். வெள்ளை கண்ணின் மேற்பரப்பிலேயே படர்ந்திருந்தால் அது புரை இல்லை; கண்ணின் முன்பக்கத்துத் தெளிந்த படலமான கருவிழியில் புண்ணோ, பழைய தழும்போ, நீர்கோத்தலோ ஆக இருக்கும். பக், ஷீட்சு மாதிரி கண் பிதுங்கிய இனங்களில் இது அடிக்கடி வரும். கண்ணைச் சுருக்குகிறது, நீர் வடிகிறது, வெள்ளைப்பகுதி சிவந்திருக்கிறது என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள். வலி இருக்கும் கண்ணை நாளைக்குத் தள்ளிப்போடக் கூடாது.

பார்வை எவ்வளவு இருக்கிறது என்று தெரிய ஒரு பஞ்சு உருண்டை போதும். நாயின் முகத்துக்கு முன் மேலிருந்து விழவிடுங்கள். பஞ்சுக்குச் சத்தமும் வாசனையும் இல்லாததால், கண் தெரிந்தால்தான் தலை அதோடு இறங்கும். ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மறைத்துச் செய்து பாருங்கள். கண்ணுக்கு நேரே கையை ஆட்டிப் பார்ப்பதில் பலர் ஏமாறுகிறார்கள். கை கிளப்பும் காற்று பட்டே நாய் கண்ணைச் சிமிட்டிவிடும்.

இன்னொரு கேள்விக்கான விடையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், டாக்டருக்கு அது மிகவும் தேவைப்படும். கண் வெள்ளையாவதற்கு முன்பே நாய் இருட்டில் தடுமாற ஆரம்பித்ததா? இரவில் மொட்டைமாடிப் படி இறங்கத் தயங்கியது, விளக்கில்லாத கொல்லைப்புறத்துக்குப் போக மறுத்தது போன்றவை முதலில் வந்திருந்தால், விழித்திரையே படிப்படியாகத் தேயும் பரம்பரை நோய் இருக்கலாம். லேப்ரடார், காக்கர் ஸ்பானியல், பூடில் இனங்களில் அது உண்டு. அந்த நோயில் புரை பின்னால் வந்து சேருகிறது. அப்படிப்பட்ட கண்ணில் புரையை எடுத்தாலும் பார்வை வராது.

படி 2: எதனால் வந்தது என்று தேடுங்கள்

பரம்பரைதான் அதிகம். காக்கர் ஸ்பானியல், பூடில், மினியேச்சர் ஷ்னாசர், லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஹஸ்கி ஆகிய இனங்களில் இளம் வயதிலேயே வரலாம். அடிபட்டது, கருவேல முள் குத்தியது, தாயில்லாத குட்டிக்குப் பொருந்தாத பால்பவுடர் கொடுத்தது ஆகியவையும் காரணமாவதுண்டு. நம் ஊரில் உண்ணிக் காய்ச்சலை மறக்கக் கூடாது. எர்லிக்கியா கிருமி கண்ணின் உள்ளே அழற்சியையும் ரத்தக்கசிவையும் உண்டாக்கும். அழற்சி நீடித்தால் புரையும் பின்னாலேயே வரும்.

நான் அதிக நேரம் பேச விரும்புவது சர்க்கரை நோயைப் பற்றி. நாய்க்குச் சர்க்கரை வந்தால் புரை வருமா என்பது கேள்வியே இல்லை. எப்போது என்பதுதான் கேள்வி. கண்டுபிடித்த ஓராண்டுக்குள் சுமார் முக்கால்வாசி நாய்களுக்குப் புரை வந்துவிடுகிறது. ரத்தத்தில் கூடிய குளுக்கோஸ் வில்லைக்குள் புகுந்து சார்பிட்டால் என்ற சர்க்கரைப் பொருளாக மாறுகிறது. சார்பிட்டால் வெளியேற முடியாமல் தங்கி, தண்ணீரை உள்ளே இழுக்கிறது. வில்லை ஊதி, சில வாரங்களிலேயே, சில நாய்களில் சில நாள்களிலேயே முழு வெள்ளையாகிவிடுகிறது. ஊதிய வில்லையின் உறை கிழிந்தால் உள்ளிருக்கும் புரதம் மொத்தமாகக் கொட்டி, மிகக் கடுமையான அழற்சி வரும்.

அதனால், தண்ணீர்க் கிண்ணத்தை அடிக்கடி நிரப்ப வேண்டியிருக்கிறது, வீட்டுக்குள் சிறுநீர் போகிறது, நன்றாகச் சாப்பிட்டும் முதுகெலும்பு தெரிய இளைக்கிறது, அதோடு கண் வேகமாக வெளுக்கிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது ரத்தச் சர்க்கரை. எங்கள் வீட்டு ஸ்பிட்ஸ் ரோஸிக்கு அப்படித்தான் தெரிந்தது. கருத்தடை செய்யாத பெட்டை நாய்களுக்குச் சூட்டுக்காலம் முடிந்த பின் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கும். நம் வீடுகளில் கருத்தடை செய்யாமல் வளர்க்கும் பெட்டைகள் நிறைய இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அப்படிப்பட்ட நாய்க்கு இன்சுலினோடு கருத்தடையும் சேர்ந்தால்தான் சர்க்கரை பிடிக்குள் வரும்.

படி 3: முற்றும்வரை காத்திருக்காதீர்கள்

புரையை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். தொடக்க நிலையில் வில்லையின் 15 விழுக்காட்டுக்கும் குறைவான பகுதி மறைந்திருக்கும், பார்வைக்குக் கெடுதல் தெரியாது. அடுத்தது முற்றாத நிலை: மங்கல் இருந்தாலும் விழித்திரையின் பளபளப்பு இன்னும் தெரியும். மூன்றாவது முற்றிய நிலை. வில்லை முழுதும் வெள்ளை. கடைசியில் அதிமுற்றிய நிலை: வில்லை கரைந்து சுருங்கி, உறை சுருக்கம் விழுந்து, உள்ளே மினுமினுப்பான துகள்கள் தெரியும்.

இந்தக் கடைசி நிலையில் சில நாய்களுக்கு ஓரளவு பார்வை திரும்புவதுண்டு. "சொட்டு மருந்து விட்டேன், புரை கரைந்தது" என்று யாராவது சொன்னால், மருந்து விடாமலேயே நடந்திருக்கக்கூடிய இந்தக் கரைதலைத்தான் அவர்கள் பார்த்திருக்க வாய்ப்பு அதிகம். கரைந்த புரதம் கண்ணுக்குள் கசிந்து அழற்சியைக் கிளப்புவது இந்த நிலையில்தான் உச்சம்.

முற்றாத நிலையே அறுவைக்கு நல்ல நேரம். வில்லை மென்மையாக இருக்கும், அறுவையில் புரையை உடைக்கும் அல்ட்ராசவுண்ட் குறைவாகப் போதும், கண்ணும் அமைதியாக இருக்கும். விழித்திரையை டாக்டர் நேரில் பார்க்கவும் முடியும். தொடக்க நிலை என்றால் உடனே அறுவை வேண்டாம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண் டாக்டர் பார்த்தால் போதும். சர்க்கரையால் வந்த புரைக்கு அந்த அவகாசம் கிடையாது.

சொட்டு மருந்தால் புரையைக் கரைக்கலாம் என்று ஆன்லைனில் விற்கும் பாட்டில்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள். 2015-இல் லானோஸ்டிரால் என்ற பொருள் நாய்களின் புரையைக் குறைத்ததாக 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வந்து பெரிய நம்பிக்கை எழுந்தது உண்மை. ஆனால் அறுவைக்கு மாற்றான மருந்தாக அது மாறவில்லை. தேன், நந்தியாவட்டைச் சாறு எதையும் கண்ணில் விடாதீர்கள். மெடிக்கலில் மனிதருக்கு வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு இன்னும் ஆபத்து: கருவிழியில் புண் இருக்கும்போது அதை விட்டால், புண் ஆழமாகிக் கருவிழியே ஓட்டை விழலாம்.

படி 4: கண் டாக்டரிடம் முழுப் பரிசோதனை

தடுப்பூசி போடும் உங்கள் வழக்கமான டாக்டரிடம் முதலில் காட்டுங்கள். பிறகு கண் அறுவை செய்யும் இடத்துக்குக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலானோர் போவது சென்னை வேப்பேரிக்கு. 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் கண்ணுக்கென்று தனிப் பிரிவு உண்டு. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. பெரிய நகரங்களில் தனியார் மருத்துவமனைகள் சிலவும் செய்கின்றன. எங்கே போவதானாலும், நாய்க்கு அல்ட்ராசவுண்ட் முறையில் புரை எடுக்கிறார்களா, கண் பிரிவு எந்தெந்த நாளில் என்று போனில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். வெயிலில் நாயோடு போய் வரிசையில் நின்று, "இன்னிக்குக் கண் டாக்டர் இல்லீங்க" என்று கேட்டுத் திரும்புவது யாருக்கும் வேண்டாம்.

அங்கே என்னென்ன பார்ப்பார்கள்? கண்ணீர் அளவுக்கு ஒரு காகிதப் பட்டையை ஒரு நிமிடம் இமைக்குள் வைப்பார்கள். 15 மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் நல்லது; 10-க்குக் கீழே என்றால் கண் வறட்சியை முதலில் சரிசெய்ய வேண்டும். கண் அழுத்தம் பார்ப்பார்கள், சாதாரணமாக 10 முதல் 25 மில்லிமீட்டர் பாதரசத்துக்குள் இருக்கும். மிகவும் குறைந்திருந்தால் உள்ளே அழற்சி என்று பொருள், கூடியிருந்தால் கண் அழுத்த நோய். பச்சைச் சாயம் விட்டுக் கருவிழியில் புண் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

முக்கியமான இரண்டு சோதனைகள் இதற்குப் பிறகுதான் வரும். ஒன்று கண்ணின் ஸ்கேன். வெள்ளையான வில்லைக்குப் பின்னால் விழித்திரை பிரிந்திருக்கிறதா, வில்லை கிழிந்திருக்கிறதா என்று அதில் தெரியும். இன்னொன்று ஈ.ஆர்.ஜி. வெளிச்சம் பட்டால் விழித்திரை மின்துடிப்பு தருகிறதா என்று அளக்கும் சோதனை. இதயத்துக்கு ஈ.சி.ஜி. எடுப்பதுபோல் கண்ணுக்கு இது என்று வைத்துக்கொள்ளலாம். விழித்திரை வேலை செய்கிறது என்று இந்தச் சோதனை சொல்லாமல் முற்றிய புரைக்கு அறுவை வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. இந்த வசதி ஓர் இடத்தில் இல்லையென்றால், இருக்கும் இடத்துக்கு ஒரு நாள் போய் எடுத்துக்கொண்டு வாருங்கள். செலவானாலும் பரவாயில்லை, பலனே கிடைக்காத ஒரு பெரிய அறுவையிலிருந்து நாயைக் காப்பாற்றும்.

உடம்புக்கும் சோதனை உண்டு: ரத்த அணுக்கள், சிறுநீரகம், கல்லீரல், சர்க்கரை, உண்ணிக் காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, வயதான நாய்க்கு இதயம். பல்லில் சீழ், காதில் புண், தோலில் தொற்று இருந்தால் அவற்றை ஆற்றிவிட்டுத்தான் கண்ணைத் திறக்க வேண்டும்.

படி 5: செய்வதா, வேண்டாமா

அனுபவமுள்ள கையில், சரியாகத் தேர்ந்தெடுத்த நாய்களில், பத்தில் எட்டு ஒன்பது நாய்களுக்குப் பார்வை திரும்புகிறது. காலம் போகப் போக, கண் அழுத்த நோயாலும் விழித்திரை பிரிவதாலும் அந்த அளவு குறைகிறது. அறுவைக்குப் பிறகான ஆபத்து எல்லா இனத்துக்கும் ஒன்றல்ல. லேப்ரடாருக்குக் கண் அழுத்தமும், பிஷான் ஃப்ரீஸே, ஷீட்சு போன்ற சிறு இனங்களுக்கு விழித்திரை பிரிவதும் கூடுதல் கவலை. பக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு மயக்க மருந்தும் யோசிக்க வேண்டிய ஒன்று. இதையெல்லாம் உங்கள் நாயை வைத்து டாக்டரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்.

வயது மட்டுமே தடையில்லை. பன்னிரண்டு வயதிலும் இதயமும் சிறுநீரகமும் நன்றாக இருக்கும் நாய், ஆறு வயதில் சர்க்கரை கட்டுக்குள் வராத நாயைவிட அறுவைக்கு ஏற்றது. விழித்திரை செத்துவிட்டது, கண் அழுத்தம் அடங்கவில்லை, வில்லை இடம் பெயர்ந்துவிட்டது, அழற்சி தணியவில்லை என்றால் வேண்டாம்.

இன்னொரு தடையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வீட்டில் பகலில் ஆள் இல்லை, நாய் முகத்தைத் தொடவிடாது, கடிக்க வருகிறது என்றால் இந்த அறுவை தோற்றுப்போகும். முதல் வாரங்களில் ஒரு நாளைக்கு நான்கு முதல் ஆறு வேளை, ஒவ்வொரு வேளையும் இரண்டு மூன்று வகைச் சொட்டு மருந்து விட வேண்டும். யார் காலையில் விடுவார், யார் மதியம் விடுவார், ஊருக்குப் போனால் யார் என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்த பிறகு தேதி வாங்குங்கள்.

ஒரு கண்ணில் மட்டும் புரை, மறு கண் நன்றாக இருக்கிறது என்றால்? நாய் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு சுகமாக வாழும். ஆனாலும் புரை விழுந்த கண் உள்ளுக்குள் அழற்சியாகிக் கெடுவதைத் தடுக்க அறுவை செய்வதுண்டு. இரண்டிலும் புரை என்றால் ஒரே மயக்கத்தில் இரண்டையும் செய்யும் டாக்டர்கள் இருக்கிறார்கள். செலவும் மயக்கமும் ஒருமுறையோடு போகும்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை: நாய்களுக்கு இந்த அறுவையை நீங்கள் வழக்கமாகச் செய்கிறீர்களா? செயற்கை வில்லை வைப்பீர்களா? மயக்க மருந்தைக் கவனிக்கத் தனி ஆள் உண்டா? அன்றிரவு கண் அழுத்தத்தை யார் பார்ப்பார்? சொல்லும் தொகையில் பரிசோதனைகள், வில்லை, மறுபரிசோதனைகள், மருந்து எல்லாம் அடக்கமா? நள்ளிரவில் கண் சிவந்தால் யாருக்கு போன் செய்வது? கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளுக்குச் சலித்துக்கொள்ள மாட்டார்.

படி 6: அறுவைக்கு முந்தைய வாரங்கள்

கழுத்துப் பட்டையை எடுத்துவிட்டு மார்புப் பட்டைக்கு மாற்றுங்கள். கழுத்தை இழுத்தால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். நாய் கண்ணைத் தேய்க்காமல் தடுக்கும் கூம்புக் கழுத்துப்பட்டையை முன்கூட்டியே வாங்கி, அதைப் போட்டபடியே சாப்பிட, தூங்கப் பழக்குங்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களுக்கு நீண்ட கழுத்து, சின்னத் தலை. சாதாரணக் கூம்பு உருவிக்கொண்டு வந்துவிடும். மூக்கு நுனியைத் தாண்டும் நீளத்தில், மார்புப் பட்டையோடு கட்டக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள்.

டாக்டரிடம் கேட்டு, மருந்தில்லாத செயற்கைக் கண்ணீர்ச் சொட்டில் பயிற்சியைத் தொடங்குங்கள். ரோஸிக்கு ஒவ்வொரு சொட்டுக்கும் அவித்த கோழியில் ஒரு நார் கிடைக்கும். ஃப்ரிட்ஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்டாலே சுவரோரம் வந்து உட்கார்ந்து முகத்தைத் தூக்கிக் காட்டப் பழகிவிட்டாள். அறுவைக்குப் பிறகு அந்தப் பழக்கம்தான் எங்களைக் காப்பாற்றியது.

அழற்சியைத் தணிக்கும் சொட்டு மருந்தை அறுவைக்குச் சில நாள் முன்பே தொடங்கச் சொல்வார்கள். ஒரு வேளையும் விடாதீர்கள். சர்க்கரை நாய்க்கு அன்று காலை எவ்வளவு இன்சுலின் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்; வெறும் வயிற்றில் வழக்கமான அளவைப் போட்டால் சர்க்கரை ஆபத்தாக இறங்கிவிடும். தேதி குறிக்கும்போது தீபாவளியையும் பாருங்கள். வெடிச் சத்தத்துக்கு மிரண்டு கட்டிலுக்கடியில் புகும் நாய்க்கு, தையல் போட்ட கண்ணோடு அந்த வாரம் வேண்டாம்.

படி 7: அறுவை அன்று என்ன நடக்கிறது

மனிதருக்குக் கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்து எடுத்துவிடலாம். நாய்க்கு முழு மயக்கம் வேண்டும். கண் உருண்டுபோகாமல் நடுவில் நிற்கத் தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுத்து, மூச்சுக்கு வென்டிலேட்டர் வைப்பதும் உண்டு.

கருவிழியின் ஓரத்தில் சுமார் 3 மில்லிமீட்டர் வெட்டு. வில்லை பன்னீர் திராட்சை மாதிரி: மெல்லிய தோல், உள்ளே சதை. முன்பக்கத் தோலில் வட்டமாக ஒரு திறப்பு செய்து, அல்ட்ராசவுண்ட் ஊசியால் சதையை உடைத்து உறிஞ்சி எடுக்கிறார்கள். பின்பக்கத் தோலைப் பையாக அப்படியே விட்டு, அதற்குள் மடித்த செயற்கை வில்லையைச் செலுத்தினால் உள்ளே விரிந்து நிற்கும். மனிதருக்கு வைக்கும் வில்லையின் திறன் பொதுவாக 20 டயாப்டரை ஒட்டியிருக்கும். நாய்க்கு 41 வேண்டும். மனித வில்லையை வைத்தால் போதாது. வில்லையே வைக்காமல் விட்டாலும் நாய் பார்க்கும், ஆனால் சுமார் 14 டயாப்டர் தூரப்பார்வைக் கோளாறோடு. சுவரையும் கதவையும் கண்டு விலகும், பக்கத்தில் இருப்பது தெளியாது. பை கிழிந்திருந்தால் சில கண்களில் வில்லை வைக்க முடியாமலும் போகும், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

கடைசியில் தலைமுடியைவிட மெல்லிய நூலால் தையல். முதல் சில மணி நேரத்தில் கண் அழுத்தம் திடீரென்று ஏறக்கூடும். அதனால் அன்று மாலையும் மறுநாள் காலையும் அழுத்தம் பார்த்தாக வேண்டும். வெளியூரிலிருந்து போகிறவர்கள் அன்றிரவு பேருந்தில் திரும்பத் திட்டமிடாதீர்கள். மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே தங்குங்கள்.

படி 8: வீட்டுக்கு வந்த பிறகு

இந்தப் பகுதியை வீட்டில் எல்லோரும் படிக்கட்டும். டாக்டரின் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிட்டது, மீதி உங்கள் கையில்.

மருந்து விடும் முறை: நாயைச் சுவரோரம் உட்காரவைத்து, பின்னால் அல்லது பக்கத்தில் இருங்கள். முன்னாலிருந்து கையை நீட்டினால் மிரளும். ஒரு கையால் தாடையைத் தாங்கி மூக்கை மேலே தூக்குங்கள். பாட்டில் பிடித்த கையின் ஓரத்தை நெற்றியில் ஊன்றி, அதே கையின் விரலால் மேல் இமையை லேசாக விலக்கி, ஒரு சொட்டு. ஒன்றே போதும், இரண்டாவது வழிந்து வீணாகும். பாட்டில் நுனி கண்ணிலோ முடியிலோ படக்கூடாது. கண்ணை அழுத்தாதீர்கள். அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு சொட்டான பிரெட்னிசொலோன் அசிட்டேட் அடியில் படியும் வகை. நன்றாகக் குலுக்காமல் விட்டால் வெறும் தண்ணீரைத்தான் விடுகிறீர்கள். ஒரு மருந்துக்கும் அடுத்ததற்கும் 5 நிமிடம் இடைவெளி. தைலம் இருந்தால் அது கடைசியில். வேளையும் மருந்தும் போட்ட அட்டவணையை ஃப்ரிட்ஜில் ஒட்டி, விட்டவுடன் டிக் அடியுங்கள். இரண்டு பேர் மாறி மாறி விடும் வீட்டில் "நீ விட்டிருப்பேன்னு நினைச்சேன்" என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

கூம்பு இரண்டு மூன்று வாரம், இரவும் பகலும். பாவமாக இருக்கிறதென்று ஒரு பத்து நிமிடம் கழற்றும்போதுதான் முன்னங்காலால் கண்ணைத் தேய்த்துத் தையலைப் பிரித்துவிடும். குளியல் வேண்டாம். மாடிப்படி, கட்டிலிலிருந்து குதிப்பது, வேறு நாயோடு விளையாட்டு, காலிங் பெல்லுக்குக் குரைப்பது எல்லாவற்றையும் குறையுங்கள். பெல் சுவிட்சையே அணைத்து வைத்துவிடலாம்.

பார்வை சில நாய்களுக்கு மறுநாளே தெரியும். வீக்கம் இருந்தால் சில நாள் மங்கலாக இருந்து, வாரக்கணக்கில் தெளியும். மறுபரிசோதனை முதல் வாரம், இரண்டு மூன்று வாரத்தில், ஆறு வாரத்தில், பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை. மருந்தைப் படிப்படியாகக் குறைப்பார்கள். கண் நன்றாகத்தானே இருக்கிறது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். மனிதக் கண்ணைவிட நாயின் கண்ணில் அறுவைக்குப் பிந்தைய அழற்சி கடுமையாக வரும், ஓசையில்லாமல் நீடிக்கவும் செய்யும். சில நாய்களுக்கு வாழ்நாள் முழுக்க ஒரு வேளைச் சொட்டு தேவைப்படலாம். ஸ்டீராய்டு சொட்டு சர்க்கரை நாயின் அளவைக் கொஞ்சம் ஏற்றலாம், அந்த வாரங்களில் சர்க்கரையை அடிக்கடி பாருங்கள்.

கண்ணை மூடிக்கொண்டே இருக்கிறது, சிவப்பு கூடுகிறது, கருவிழி நீலமாக மங்குகிறது, சீழ் வருகிறது, பார்த்துக்கொண்டிருந்த நாய் திடீரென்று முட்டிக்கொள்கிறது, தலையை எங்காவது அழுத்திக்கொண்டு சாப்பிட மறுக்கிறது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் போன் செய்யுங்கள். ஏறிய கண் அழுத்தம் ஒன்றிரண்டு நாளில் பார்வையை நிரந்தரமாக அழித்துவிடும். வலிக்கிறதே என்று மனிதருக்கான ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு அவை நஞ்சாகலாம்.

அறுவை இல்லை என்று முடிவானால்

பணம், வயது, உடல்நிலை, வீட்டுச் சூழ்நிலை ஆகியவற்றில் எதுவும் காரணமாக இருக்கலாம். அது குற்ற உணர்வுக்குரிய முடிவு அல்ல. ஆனால் "அறுவை இல்லை" என்பது "சிகிச்சை இல்லை" ஆகிவிடக் கூடாது. அழற்சியை அடக்கும் சொட்டு மருந்து தொடர வேண்டும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை கண் அழுத்தம் பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் செய்தால், பார்வை இல்லாவிட்டாலும் வலியில்லாத கண்ணோடு பல ஆண்டுகள் நாய் நிம்மதியாக இருக்கும்.

நாய் முதலில் மூக்காலும் காதாலும் வாழும் பிராணி. மெல்லப் பார்வை இழந்தவை வீட்டின் வரைபடத்தை மனதில் வைத்துக்கொள்கின்றன. சோபாவை, கட்டிலை இடம் மாற்றாதீர்கள். கேஸ் சிலிண்டரை, அரிசி மூட்டையை நடைவழியில் வைக்காதீர்கள். தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் ஒரே இடத்தில், அதன் முன்னே ஒரு சாக்கு அல்லது கால்மிதியடி. காலில் பட்டதுமே வந்துவிட்டோம் என்று தெரிந்துகொள்ளும். படிக்கட்டுக்கு முன்னாலும் வேறு மாதிரித் துணி ஒன்றைப் போடுங்கள். மொட்டைமாடிக் கதவு, கிணறு, தண்ணீர்த் தொட்டி எப்போதும் மூடியிருக்கட்டும். தொடுவதற்கு முன் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், வீட்டுக்கு வரும் குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். தூங்கும் குருட்டு நாயைத் திடீரென்று தொட்டால் பயத்தில் கடித்துவிடும்.

பார்வையும் போய், அழுத்தம் மருந்துக்கும் அடங்காமல், கண் பெரிதாகிச் சிவந்து நின்றால், அந்தக் கண்ணை எடுத்துவிட டாக்டர் சொல்லலாம். கேட்கும்போது நெஞ்சு துடிக்கும். ஆனால் அந்தக் கண் நாய்க்கு ஓயாத தலைவலி மட்டுமே தருகிறது. எடுத்த பிறகு, இத்தனை நாள் வயதாகிவிட்டது என்று நினைத்த சோர்வெல்லாம் வலியால் வந்தது என்று பல வீடுகளில் தெரியவருகிறது. தையல் பிரித்த பின் முடி வளர்ந்து மூடிவிடும். மற்றக் கண்ணுக்கு மட்டும் அழுத்தப் பரிசோதனையை விடாமல் தொடருங்கள்.